மேட்ரனின் பத்தியம்

அவர் சுடும் பிஸ்கட்டை மனிதர்கள் வாயில் போட்டால் அட்டைப்பெட்டியை மென்ற மாதிரி இருக்கும். உப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது, வெண்ணெய் பேருக்குக்கூடக் கிடையாது. வேகவைத்து மசித்த பூசணி, கோதுமை மாவு, ஒரு கை ஓட்ஸ், ஒரு முட்டை. வியாழக்கிழமையானால் அதோடு கோழி ஈரல். ஆனால் ஓவனைப் போட்ட கால் மணி நேரத்தில் அந்த நான்கு மாடிக் கட்டிடத்தில் இருக்கும் ஐந்து நாய்களுக்கும் விஷயம் தெரிந்துவிடும். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் கிழட்டு நாய்க்கு வாயில் மொத்தமே மூன்று பல். அதுகூட எழுந்து கதவைப் பிறாண்டும்.

கட்டிடத்தில் அவருக்குப் பத்தியக்காரர் என்று பெயர். அது நாய்களால் வந்ததில்லை. முப்பத்தொரு வருஷம் ஒரு பெரிய மருத்துவமனையின் பத்தியச் சமையலறையில் இருந்தவர். பாத்திரம் தேய்க்கச் சேர்ந்து, காய் நறுக்கி, கடைசி பதினெட்டு வருஷம் தலைமைச் சமையல்காரராக நின்று ஓய்வு பெற்றார். சிறுநீரகக்காரர்களுக்கு உப்பில்லாமல், சர்க்கரைக்காரர்களுக்கு இனிப்பில்லாமல், வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்குக் காரமும் எண்ணெயும் இல்லாமல் தினம் இருநூறு தட்டு. நோயாளிகள் அவரைத் திட்டாத நாள் கிடையாது. நீயெல்லாம் வீட்டில் உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறாயா என்று ஒரு கிழவர் ஸ்பூனை விட்டெறிந்திருக்கிறார். உண்மை என்னவென்றால், அவரும் போட்டுச் சாப்பிடவில்லை. அங்கே ஒரு விதி: வார்டுக்குப் போகும் எதையும் சமைத்தவன் முதலில் தன் வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். வருஷக்கணக்காக இருநூறு பேருடைய பத்தியத்தையும் ருசி பார்த்த நாக்கு. வீட்டுக்கு வந்து உப்பைக் கண்டால் அதற்குக் கரித்தது.

ஆறு வருஷம் முன்பு மனைவி இறந்தாள். அதற்குப்பின் வீட்டுக்கு வருகிறவர்கள் குறைந்து, வந்தவர்களும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அவர் வற்புறுத்துவதில்லை. தன் சமையலின் யோக்கியதை அவருக்குத் தெரியும்.

நாய் மகளுடையது. நாலு வருஷம் முன்பு வெளியூரில் துறைமுகச் சரக்கு அலுவலகத்தில் வேலை கிடைத்து, தங்கும் விடுதியில் நாய்க்கு இடமில்லையென்று, மூணே மாசம் அப்பா என்று சொல்லி விட்டுப் போனாள். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்து மற்றது மடங்கியிருக்கும். மகள் வைத்த பெயர் அவர் வாயில் நுழையவில்லை. முதல் நாளே அது சமையலறை வாசலில் நின்று, ஒவ்வொரு பாத்திரமாக முகர்ந்து பார்த்து, எதிலும் திருப்தியில்லாத முகத்தோடு நகர்ந்தது. மருத்துவமனையில் நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியாக ஒரு மேட்ரன் இருந்தாள், அச்சு அசல் அப்படித்தான். அன்றிலிருந்து மேட்ரன்.

வந்த இரண்டாம் மாதம் மேட்ரனுக்கு வயிறு கெட்டு, தோல் முழுக்க அரிப்பு. பாக்கெட்டில் விற்கிற தின்பண்டமெல்லாம் நிறுத்துங்கள் என்றார் கால்நடை மருத்துவர். அதற்கென்ன, பத்தியம்தானே என்று நினைத்துக்கொண்டார் அவர். மகள் உள்ளூரில் வேலை பார்த்தபோது முதல் சம்பளத்தில் கேக் செய்வதற்கென்று வாங்கி, இரண்டு தடவை கருக்கிவிட்டு, பழைய பேப்பர் வைக்கும் மேஜையாக மாற்றியிருந்த சின்ன ஓவனைத் துடைத்து எடுத்தார். முதல் தட்டு கல். இரண்டாவது உள்ளே வேகவில்லை. மூன்றாவதை எடுத்து, பழக்கதோஷத்தில் பாதியைத் தான் கடித்து மென்று பார்த்துவிட்டு மீதியை நீட்டினார். மேட்ரன் வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து கடித்தது. இந்த வீட்டில் அவர் சமைத்ததை இன்னும் வேண்டும் என்று யாரோ திரும்பி வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

பிறகு கட்டிடத்து நாய்களுக்கும் போயிற்று. ஒவ்வொரு பொட்டலத்திலும் வீட்டு எண், சுட்ட தேதி, உள்ளே என்ன என்று சீட்டு ஒட்டியிருக்கும். ஒவ்வொரு முறை சுட்டதிலும் ஒன்றை டப்பாவில் போட்டு இரண்டு நாள் வைத்திருப்பார், எந்த நாய்க்காவது வயிறு கெட்டால் எடுத்துப் பார்க்க. "ஆஸ்பத்திரி மாதிரி எல்லாம் எழுதிட்டு, கட்டில் நம்பர் மட்டும் போடாம விட்டுட்டீங்களே" என்பாள் தையல்காரம்மா. அவள் வாய் அப்படி. ஆனால் வியாழக்கிழமை மாடியேறி வந்து பத்து நிமிஷம் நின்று பேசிவிட்டுப் போகிற ஒரே ஆளும் அவள்தான்.

மகளின் ஃபோன் ஒரு ஞாயிறு காலையில் வந்தது. தரைத்தளத்தில் தனி வீடு கிடைத்திருக்கிறதாம். பின்பக்கம் கொஞ்சம் மண் தரை, சுற்றிச் சுவர், வீட்டுக்காரர் நாய்க்கு ஒன்றும் சொல்லவில்லை. இதையெல்லாம் வேகமாகச் சொல்லிவிட்டு, அடுத்ததை மெதுவாகச் சொன்னாள்.

"வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறந்தா வீடு கம்முனு இருக்குப்பா. அதைக் கூட்டிட்டு வந்துடலாம்னு பார்க்கறேன்."

இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "உன் நாய்தானே. எப்ப வர்றே?" என்று கேட்டார்.

மூன்று வாரத்தில், நாலு நாள் லீவில், காரில் வருகிறாள். ஒன்றே ஒன்றுதான் வேண்டும் அவளுக்கு. பிஸ்கட் சுட்டுக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. இப்போது அரிப்பெல்லாம் இல்லையே, டாக்டரைக் கேட்டு ஏதாவது நல்ல பாக்கெட் தீனிக்குப் பழக்கிவிட வேண்டும். பழகவில்லையென்றால் கூட்டிக்கொண்டு போவது கஷ்டம், பட்டினி போட்டு வளர்க்க முடியாது என்றாள்.

தையல்காரம்மா இதைக் கேட்டுவிட்டு நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "மூணு மாசம்னு நாலு வருஷம் விட்டவளுக்கு இன்னும் நாலு வருஷம் விட்டா என்ன குறைஞ்சு போகும்? பழகவே மாட்டேங்குதும்மானு ஒரு வார்த்தை சொல்லுங்க. முடிஞ்சு போச்சு."

"பழகிடுமேம்மா."

"பழகும். அதான் சொல்றேன், சொல்லிடுங்கன்னு."

அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். மூக்கில் குழாய் வைத்துச் சாப்பிட்டவனைக் கூழுக்கும், கூழிலிருந்து மசித்ததற்கும், மசித்ததிலிருந்து சாதாரணச் சாப்பாட்டுக்கும் படிப்படியாக ஏற்றி, ஒருநாள் பத்தியப் பட்டியலிலிருந்து பெயரையே அடித்துவிடுவார்கள். பெயர் அடிபட்டால் ஆள் வீட்டுக்குப் போகிறான் என்று அர்த்தம். ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். முதல் நாள் நொறுக்கிய பிஸ்கட் முழுக்கிண்ணம், அதில் பாக்கெட் தீனி ஒரு சிட்டிகை. ஐந்தாம் நாள் பாதிக்குப் பாதி. ஒன்பதாம் நாள் தீனிமேல் பிஸ்கட் பொடி தூவியிருந்ததோடு சரி. பன்னிரண்டாம் நாள் வெறும் தீனி. ஒவ்வொரு வேளையும் மேட்ரன் அவர் முகத்தைப் பார்க்கும், பிறகு குனிந்து தின்னும். கிண்ணம் காலியானதும் அவர் போய் அன்றைய கட்டத்தில் கோடு போட்டார். நல்ல வேலை. கை இன்னும் மறக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் கோடு போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

மகள் சொன்ன தேதியில், பொழுது சாயும் நேரத்தில் வந்தாள். மேட்ரன் மாடிப்படியிலேயே அவளை மோந்துவிட்டு ஊளையிட்டது. இடையில் இரண்டே தடவைதான் வந்திருக்கிறாள், இருந்தாலும் மறக்கவில்லை. செருப்பைக் கவ்விக்கொண்டு மூன்று சுற்று ஓடியது. மகள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவர் அவளுக்கு வைத்த டீயை மேஜையில் வைத்துவிட்டு, ஆறிப்போகும் என்று இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் காலையிலிருந்து கிண்ணத்தை மகள்தான் வைத்தாள். அவளுக்குப் பழக வேண்டுமே. அது தன்னையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று அவர் காய்கறி வாங்கக் கிளம்பிப் போனார். திரும்பி வந்தால் கிண்ணம் அப்படியே இருந்தது. மத்தியானம் புதிதாக வைத்தாள். தொடவில்லை. சாயங்காலமும் இல்லை. கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து, மகள் முகத்தைப் பார்ப்பதும், தலையைச் சாய்ப்பதும், தரையைப் பார்ப்பதுமாக இருந்தது. அதே தீனிதான், அதே கிண்ணம், அதே இடம். அவருக்கே விளங்கவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற தாள் நிஜமா, இல்லை எனக்குக் காட்டவா என்று. அவர் கையில் எடுத்ததை வாயில் வைக்கவில்லை.

"எனக்குத் தெரியாம பிஸ்கட் குடுத்துட்டே இருந்திருக்கீங்க. அது போகக் கூடாதுன்னு. கோவமில்லப்பா. நேரா சொல்லியிருக்கலாம்."

முப்பத்தொரு வருஷத்தில் பொய்க் கோடு ஒன்று போட்டவரில்லை. அதைச் சொல்ல ஆரம்பித்தால் குரல் ஏறிவிடும் என்று தண்ணீரைக் குடித்தார். அலமாரியைத் திறந்து பார்த்துக்கொள், ஒரு பிஸ்கட் இருந்தால் கேள் என்று மட்டும் சொன்னார். அவள் திறந்து பார்க்கவில்லை. நம்பியதால் இல்லை, பார்த்தால் அப்பாவைச் சோதனை போட்டது போலாகிவிடும் என்பதால்.

அடுத்த நாள் ஆறு மணிக்கு, மகள் தூங்கிக்கொண்டிருந்தபோது, சமையலறைக்குப் போனார். மேட்ரன் பின்னால் வந்தது. வயிறு ஒட்டியிருந்தது. அவர் கிண்ணத்தில் இரண்டு கை தீனி போட்டு, அதிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டுக் கடித்து, முகத்தைச் சுளித்து, கிண்ணத்தைக் கீழே வைத்தார். மேட்ரன் உடனே தலையை உள்ளே விட்டது.

தீனியின் சுவை அவர் வாயில் இன்னும் இருந்தது.

பன்னிரண்டு நாளும் ஒவ்வொரு வேளையும் அதைத்தான் செய்திருக்கிறார். நாலு வருஷமாகவே அதைத்தான் செய்திருக்கிறார். சமைத்தவன் முதலில் வாயில் போட வேண்டும். மேட்ரனுக்கு அது விதி என்று தெரியாது. ஒரு மனிதன் கடித்துக் காட்டாத எதுவும் சாப்பாடு இல்லை என்று மட்டும்தான் தெரியும். கடிக்கிற சத்தம் கேட்பதற்காகத்தான் ஒவ்வொரு வேளையும் முகத்தைப் பார்த்திருக்கிறது. பிஸ்கட்டை மறக்க வைத்தவர், தன் வாயை மறக்க வைக்கவில்லை. கட்டம் போட்ட தாளில் அதற்கு இடமே இல்லை, ஏனென்றால் அவர் அதைச் சாப்பாட்டோடு சேர்ந்ததாக நினைத்ததே இல்லை. மூச்சு விடுவதை யார் எழுதி வைக்கிறார்கள்?

மேட்ரன் நக்கி முடித்தது. அவர் கிண்ணத்தைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, இருந்த இடத்தில் கவிழ்த்தார். வழக்கமாக அவர் அதைத் துடைப்பதில்லை.

மகள் எழுந்து எட்டு மணிக்குத் தீனி வைத்தாள். மேட்ரன் அவள் முகத்தைப் பார்த்தது. அவர் ஹாலில் செய்தித்தாளைப் பிரித்துப் பிடித்திருந்தார். பதினொன்றுக்கு வைத்தாள். மத்தியானம் வெந்நீரில் ஊறவைத்து வைத்தாள். அவளும் சாப்பிடவில்லை. இரண்டு மணிக்கு வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"விட்டுடலாம்ப்பா. இங்கேயே இருக்கட்டும். அதுக்கு உங்ககிட்டதான் இருக்கணும்னு இருக்கு போல."

அவர் ம் என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டியிருக்கவில்லை. ஜெயித்தாகிவிட்டது. மேட்ரன் அவர் காலடியில் வந்து படுத்தது. சாயங்காலம் அதை வழக்கம்போல் கீழே கூட்டிக்கொண்டு போகலாம், வியாழக்கிழமை ஈரல் வாங்கலாம். மனசு ஏன் குதிக்கவில்லை என்று பார்த்தார். குதிக்கவில்லை, அவ்வளவுதான். மகள் எழுந்து போய்த் தன் பையில் நாய்க்கென்று வாங்கி வந்திருந்த புதுக் கழுத்துப்பட்டையை எடுத்து, விலைச்சீட்டைக் கிழிக்காமல் மேஜைமேல் வைத்தாள். யாருக்காவது குடுத்துடுங்க என்றாள்.

ஐந்து மணிக்கு அவள் கால்நடை மருத்துவரோடு ஃபோனில் பேசுவது கேட்டது. தண்ணீர் குடிக்கிறது, நன்றாகத்தான் நடக்கிறது, ஆனால் சாப்பாடு வைத்தால் மறுக்கிறது டாக்டர், மறுத்துவிடுகிறது.

அந்த வார்த்தையை அவர் ஒரு தாளில் பார்த்திருக்கிறார். மனைவி கடைசியாகப் படுத்திருந்தது அவருடைய மருத்துவமனையிலேயேதான், மூன்றாம் மாடியில். அவள் தட்டை அவரே அனுப்புவார். வேலை முடிந்து அவர் பார்க்கப் போவதற்குள் தட்டை எடுத்துவிடுவார்கள். இரண்டு நாள் தட்டு அனுப்பியது போலவே திரும்பி வந்தது. சீட்டில் 'நோயாளி உண்ண மறுத்தார்' என்று எழுதியிருந்தது. அவருக்கு ரோஷம்; நம் சமையல் பிடிக்கவில்லை என்று நினைத்து மூன்றாம் நாள் வேறு செய்து அனுப்பினார். நாலாம் நாள் வேலைக்கு நடுவில் ஏப்ரனோடு மாடியேறிப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தட்டை வைக்கிற மேஜை கட்டிலின் கால்மாட்டில் இருந்தது. அவளுக்குக் கை எட்டவில்லை. கேட்கத் திராணியில்லை. யாரும் பொய் எழுதவில்லை. சாப்பிடவில்லை என்பது நிஜம்தானே.

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். மகள் ஃபோனை வைத்துவிட்டுக் கிண்ணத்தருகில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அது மறுக்கலம்மா," என்றார். "நீ முதல்ல ஒண்ணு எடுத்துக் கடி. அது பார்க்கற மாதிரி."

"எதை?"

"அதைத்தான்."

"நாய் தீனியையா? நானா?"

"நான் நாலு வருஷமா கடிச்சுக் குடுத்துத்தான் பழக்கம் ஆயிருக்கு. எனக்கே தெரியல. சத்தம் வர்ற மாதிரி கடி."

அவள் அவரைப் பார்த்தாள், கிறுக்குப் பிடித்துவிட்டதா என்கிற பார்வை. பிறகு ஒரு உருண்டையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கடைவாயில் வைத்துக் கடித்தாள். மேட்ரனின் மடங்கிய காது நிமிர்ந்தது. கிண்ணத்துக்குள் தலையை விட்டு, மூச்சு விடாமல் தின்றது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், துப்புவதற்கு ஓடினாள், வாய் கொப்பளித்தாள், திரும்பி வந்தாள்.

"உங்க சமையலே தேவலப்பா," என்றாள். கொஞ்சம் கழித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே, "இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"காலைல. ஆறு மணிக்கு."

அவள் சுவரில் கடிகாரத்தைப் பார்த்தாள். அஞ்சரை. அவரும் பார்த்தார். மேட்ரன் காலிக் கிண்ணத்தை நக்கி நக்கித் தரையில் தள்ளிக்கொண்டே போய், சுவரில் முட்டி நின்றது.

அவள் கோபித்துக்கொண்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். அவள் அன்றிரவு அவருடைய உப்பில்லாத சமையலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நீங்களும் வாங்கன்னா வரமாட்டீங்க என்றாள், கேள்வியாக இல்லாமல். இங்கே நாலு நாய் இருக்கே என்றார் அவர். புறப்படும் முன் ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தார்: முதல் வாரம் முழுசாகக் கடிக்க வேண்டும், பிறகு பாதி, பிறகு கடிப்பது போல வாயருகே கொண்டுபோனால் போதும், பிறகு அதுவும் வேண்டாம். கீழே, தையல்காரம்மா தன் மூன்று பல் நாயைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். மேட்ரன் பின் ஸீட்டில் ஏறி, உள்ளே எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்து, திருப்தியில்லாத முகத்தோடு உட்கார்ந்தது. "அப்ப சொல்லலையா நீங்க," என்றாள் தையல்காரம்மா, கார் திரும்பியபின். சொல்லிட்டேன், அதான் போயிடுச்சு என்றார்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, ஓவனில் தட்டு இருக்கும்போது மகள் கூப்பிட்டாள். குரல் நன்றாக இருந்தது. கடிக்கவே வேண்டியதில்லையாம். இன்று காலை கிண்ணத்தை வைத்துவிட்டு அவள் குளிக்கப் போய்விட்டாள், வந்து பார்த்தால் காலி. தாளில் கடைசிக் கட்டத்தில் கோடு போட்டுவிட்டேன் என்றாள்.

"நல்லது," என்றார். "பேரை அடிச்சிடலாம்."

சாப்பிட்டுவிட்டு என்ன செய்கிறது என்று கேட்டார். அதை ஏன் கேட்கறீங்க, பின்பக்கம் அவ்வளவு மண் தரை இருக்கு, அங்கே போகாது, அடுப்புக்கும் கதவுக்கும் நடுவழியில காலை நீட்டிப் படுத்துக்கும், போகிற வருகிற ஆளெல்லாம் சுத்திப் போகணும் என்றாள். ஆமாம், இங்கேயும் அது அப்படித்தான் என்றார் அவர்.

ஃபோனை வைத்துவிட்டு வந்து ஓவனைத் திறந்தார். கொஞ்சம் கூடுதலாகச் சிவந்துவிட்டிருந்தது, பரவாயில்லை. இரண்டு கையாலும் துணியைப் பிடித்துச் சூடான தட்டைத் தூக்கினார். ஓவனிலிருந்து மேஜைக்கு நேராகப் போனால் நாலு தப்படிதான். அவர் சுவரோரமாக ஒதுங்கி, தரையைப் பார்த்துக்கொண்டு, ஏழு தப்படியாகச் சுற்றிப் போய்த் தட்டை வைத்தார்.